கரண்ட் இல்லாத நாளில் ஒரு எலி

காயலான் கடையில் குவிந்து கிடந்த கார் கதவுகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, ஒரு சின்ன மோட்டாரைக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் மேடம். கல்லூரியில் அதற்கு முன் அவரை ஓரிரு தரம் பார்த்திருந்தாலும், சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கார் கதவைப் பூட்டித் திறக்கிற சென்ட்ரல் லாக் மோட்டார் அது. உள்ளங்கையில் அடங்கும், ஓரத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பேட்டரியில் வயரைத் தொட்டால் கம்பி டக்கென்று மேலே எழும், வயரை மாற்றித் தொட்டால் கீழே இறங்கும். மேடம் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். புடவைத் தலைப்பில் கிரீஸ் பட்டிருந்தது, அதை அவர் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

"என்னா டீச்சரம்மா, காரு வாங்கப் போறீங்களா? கதவுல இருந்து ஆரம்பிக்கிறீங்க," என்றார் கடைக்கார பாய்.

"எலிக்குப் பால் ஊட்டணும் பாய். சத்தம் கம்மியா ஒண்ணு பாத்துக் குடுங்க," என்றார் மேடம், நிமிராமலே.

பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த வாரம்தான் நான் மேடத்துக்குக் கீழே வேலையில் சேர்ந்திருந்தேன். சேரக் கூடாத இடத்தில் சேர்ந்துவிட்டோமோ என்று தோன்றியது.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். மூக்கண்டப்பள்ளியில், இரும்புத் தகட்டை அடித்து வெட்டுகிற பவர் பிரஸ் மெஷின் ஓட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தேன். அந்தக் கம்பெனி எல்லை தாண்டிக் கர்நாடகப் பக்கம் இடம் மாறியபோது, கூடப் போக முடியாதவர்களில் நானும் ஒருத்தி. பக்கத்திலிருந்த கல்லூரியில் லேப் அட்டெண்டர் வேலை காலியாக இருக்கிறது என்றார்கள், போனேன். என் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள் நான். மூடித்தான் இருக்கும். மறுநாளும் ஓடுவேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நாலடி நடந்து, இழுத்துப் பார்த்தது இன்றைக்கா நேற்றா என்று சந்தேகப்பட்டுத் திரும்பி வருவேன். அப்படிப்பட்டவளை உளவியல் துறையின் எலி அறையில் போட்டார்கள். எலி கடித்தால் காய்ச்சல் வருமா, எலி செத்தால் வேலை போகுமா என்று முதல் வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

மேடம் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். கெஸ்ட் லெக்சரர், ஒவ்வொரு கல்வியாண்டும் புது ஆர்டர் வந்தால்தான் வேலை. தருமபுரிப் பக்கத்துக்காரர். படிக்கிற காலத்தில் எலிப் பரிசோதனையைக் கரும்பலகைப் படமாகத்தான் பார்த்திருக்கிறார். ஒரு சதுரம் பெட்டி, ஒரு கோடு லீவர், ஒரு வட்டம் எலி. அதை வரைந்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறார்.

"எலி லீவர அமுத்தறத நான் கண்ணால பாத்ததே இல்லக்கா. பாக்காமயே வாத்தியாரும் ஆயிட்டேன். இந்தப் புள்ளைங்க பாத்துட்டுத்தான் வெளிய போகணும்," என்றார் ஒரு நாள். அந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் கம்பெனித் தொழிலாளிகள் வீட்டுப் பெண்கள். பெங்களூரில் பெரிய கல்லூரிகளில் இதற்கென்றே வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெட்டிகள் இருக்கின்றனவாம். எங்கள் கல்லூரியில் இருந்தது ஒரு காலி அறையும், விலங்குகளை வைத்துச் சோதனை செய்ய அனுமதி தருகிற குழுவின் கடிதமும், மாட்டாஸ்பத்திரி டாக்டர் மாதம் ஒருமுறை வந்து பார்க்கிற ஏற்பாடும், எட்டு வெள்ளை எலிகளும்தான்.

அந்த அறைக்கும் ஆபத்து இருந்தது. தாளாளருக்கு எலி வாசம் பிடிக்கவில்லை. இப்போது கம்ப்யூட்டரிலேயே எலி வந்துவிட்டது, திரையில் அது லீவரை அமுக்கும், சாப்பாடு வேண்டாம், சாகாது, நாறாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அடுத்த கல்வியாண்டிலிருந்து எலி அறையை மூடிவிடலாம் என்பது அவர் எண்ணம். மேடம் போய் நின்று வாதாடியதில் ஒரு சலுகை கிடைத்தது. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்து பார்ப்பார். பெட்டி வேலை செய்து, எலி கற்றுக்கொண்டிருந்தால் அறை இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. அறை போனால் அட்டெண்டர் எதற்கு? அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பெட்டியை நாங்கள் கட்டியது இப்படித்தான். போர்வை வைக்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அதன் ஒரு பக்கச் சுவரில் ஓட்டை போட்டு ஓர் அலுமினியத் தகடு, அதுதான் லீவர். தகட்டுக்குப் பின்னால் மெஷின் கதவுகளில் இருக்கிற லிமிட் சுவிட்ச். எலி தகட்டை அமுக்கினால் சுவிட்ச் தட்டும், சென்ட்ரல் லாக் மோட்டார் எழும், அதன் கம்பியில் கட்டியிருக்கிற மருந்து ஸ்பூன் கீழே இருக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு இனிப்புப் பாலை அள்ளிக்கொண்டு மேலே வரும். எத்தனை தரம் அமுக்கியது என்று காட்ட, பிரஸ் மெஷினில் இருக்கிற ஸ்ட்ரோக் கவுண்டர் ஒன்றையே பொருத்தினோம். எல்லாமே பாயின் கடைச் சாமான். எல்லாம் ஓடுவது ஒரு பழைய கார் பேட்டரியில். "கரண்ட நம்பி நம்ம பொழப்பு இருக்கக் கூடாதுக்கா," என்பார் மேடம். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எலிக்கு லீவரைப் பற்றி யாரும் சொல்லித் தர முடியாது. அதனால் முதலில் பால் ஸ்பூனை நம் கையிலிருக்கும் காலிங்பெல் சுவிட்சால் எழுப்ப வேண்டும். எலி லீவர் இருக்கிற பக்கம் திரும்பினால் பால். அது பழகியதும் இரண்டு எட்டு கிட்டே வந்தால்தான் பால். பிறகு தகட்டை முகர்ந்தால்தான், பிறகு கால் வைத்தால்தான். இதற்குப் புத்தகத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு, என் வாயில் நுழையாது. செய்ததற்குப் பலன் உடனே கிடைத்தால் அதையே மறுபடி செய்வோம் என்பதுதான் விஷயம். 'உடனே' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பால் ஏன் வந்தது என்று எலி யோசிக்காது. பால் வருவதற்கு முந்தின நொடியில் என்ன செய்ததோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மாணவி கொஞ்சம் தாமதமாகவே அமுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய எலி லீவரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற நேரத்தில் ஒவ்வொரு தடவையும் பால் வந்தது. கடைசியில் அது லீவரை விட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தது. "மேடம், என் எலிக்கு அரங்கேற்றம் வைக்கலாம்," என்றாள் அவள். "மொதல்ல ஒன் கட்டவிரலுக்கு வைப்போம்," என்றார் மேடம்.

நன்றாகக் கற்றுக்கொண்டது வாலில் இரண்டு கோடு போட்ட எலி. அடையாளத்துக்காக வாலில் மை பேனாவால் கோடு போடுவோம். பேர் வைக்கக் கூடாது என்பது மேடத்தின் சட்டம், ஆனால் ரெட்டைக்கோடு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பேராகிவிட்டது. பெட்டிக்குள் விட்டதும் மீசையைத் துடைத்துக்கொண்டு நேரே லீவருக்குப் போகும். அமுக்கும், பால் நக்கும், அமுக்கும். வேலைக்கு வந்த ஆள் மாதிரி.

பேராசிரியர் வருகிற தேதி முடிவானது. முந்தின நாள் தெரிந்தது, அன்றைக்கு எங்கள் பகுதியில் மாதாந்திர ஷட்டவுன், மாலை வரை கரண்ட் வராது என்று. நான் பதறினேன். மேடம் சிரித்தார். "நம்ம பொட்டி பேட்டரில ஓடுதுக்கா. மத்த லேப்பெல்லாம் கையக் கட்டிக்கிட்டு நிக்கும், நம்ம ஒருத்தருதான் காட்டுவோம். இன்னும் நல்லது." நான் பேட்டரியைச் சார்ஜ் போட்டேன். பால் புதிதாகக் கலந்தேன். வயர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன்.

காலையில் தாளாளரும் பேராசிரியரும் வந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் போதுமானதாக இருந்தது. மேடம் ரெட்டைக்கோட்டைப் பெட்டிக்குள் விட்டார். அது உள்ளே போனது, மூலையில் ஒண்டியது, அப்படியே நின்றது. காது மட்டும் விறைத்திருந்தது. மேடம் காத்திருந்தார். நான் மனசுக்குள் போ போ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மேடம் கையாலேயே சுவிட்சை அமுக்கி ஸ்பூனை எழுப்பிக் காட்டினார். அந்தச் சின்ன டக் சத்தத்துக்கே அது துள்ளி மூலையில் இன்னும் ஒடுங்கியது. வேறொரு எலியை விட்டுப் பார்த்தார். அதுவும் அப்படியே. மறுபடி ரெட்டைக்கோட்டையே விட்டார், பலனில்லை.

"எலிக்கும் இன்னைக்கு ஷட்டவுன் போல இருக்கு," என்றார் தாளாளர்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. பெட்டியைக் குனிந்து பார்த்தார், சுவிட்சை விரலால் தட்டிப் பார்த்தார். "பொட்டி நல்லாத்தாம்மா கட்டியிருக்கீங்க. ஆனா பழக்கம் உறுதியா ஏறல," என்றார்.

"ஏறியிருக்குது சார். என்னமோ ஒண்ணு மாறியிருக்குது, என்னான்னு தெரியல. இன்னொரு தடவ வந்து பாத்துட்டு அப்புறம் எழுதுங்க," என்றார் மேடம். கெஞ்சுகிற குரல் இல்லை அது. தாளாளர் வாட்சைப் பார்த்தார். பேராசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வருஷம் முடிவதற்குள் கூப்பிடுங்கள், வருகிறேன் என்றார்.

அவர்கள் போனபின் நாங்கள் இரண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். மேடம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. நான் வயர்களை மறுபடி இழுத்துப் பார்த்தேன், பாலை நக்கிப் பார்த்தேன், டெட்டால் எதுவும் பட்டுவிட்டதா என்று பெட்டியை மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. மத்தியானம் தாண்டி நெடுநேரம் கழித்து மேலே ஃபேன் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பட்டறையில் பவர் பிரஸ் ஒன்று எழுந்தது. தட். தட். தட். பெட்டியிலிருந்து எடுக்காமல் விட்டிருந்த எலி ரெட்டைக்கோடுதான். தலையைத் தூக்கியது. மீசையைத் துடைத்துக்கொண்டது. நேரே லீவருக்குப் போய் அமுக்கியது.

மேடம் எழுந்து நின்றுவிட்டார். "அக்கா," என்றார், "ஷிஃப்ட் ஆரம்பிச்சிருச்சு."

அந்த பிரஸ் சத்தத்தைப் பற்றி இதுவரை நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். மறைக்கவில்லை. எங்களுக்கு அது சத்தமே கிடையாது. காலையிலிருந்து இரவு வரை சுவர் வழியாகவும் தரை வழியாகவும் வந்துகொண்டே இருப்பது. நான் பாதி வாழ்க்கை அதற்குள்ளேயே நின்றவள். மேடம் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்னாலும் ஒரு பட்டறை. எங்கள் காது அதைக் கழித்துவிட்டுத்தான் மற்றதைக் கேட்கும். ஆனால் எலிக்கு யார் சொன்னது? இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து, தரை அதிர்கிற நேரத்தில்தான் அதற்குப் பால் கிடைத்திருக்கிறது. அதிர்வு நின்றால் உலகம் நின்ற மாதிரி. மெஷின் நிற்கிற இடத்தில் என்ன வேலை என்று அது மூலையில் ஒடுங்கிவிட்டது. வேறு ஊரில் இந்தத் தப்பு நடந்திருக்காது. முதல் நாளே சத்தம் என்று யாராவது காதைப் பொத்தியிருப்பார்கள்.

காரணம் தெரிந்ததில் எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் கூடியது. பட்டறையை நிறுத்தச் சொல்ல முடியுமா? கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? மேடம் அன்று சாயந்தரமே பாய் கடைக்குப் போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. அங்கே கம்ப்ரெஸர் இல்லாத ஒரு பழைய ஃபிரிட்ஜ் கிடந்தது. சுவர் கனமானது, உள்ளே பஞ்சு அடைத்தது. வெளிச்சத்தம் பெரும்பாலும் உள்ளே வராது. எலிப் பெட்டியை அதற்குள் வைத்துவிடலாம் என்பது மேடத்தின் யோசனை.

"இது ஓடாதுங்க டீச்சரம்மா. சொல்லிட்டேன், அப்புறம் வந்து சண்ட போடக் கூடாது," என்றார் பாய்.

"ஓடக் கூடாது பாய், அதுக்குத்தான்," என்றார் மேடம். அதை வண்டியில் ஏற்றிவிட்ட பையன்கள் இரண்டு பேரும் கன்னடத்தில் என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டார்கள். பாதி எனக்குப் புரிந்தது, அதை மேடத்திடம் சொல்லவில்லை.

ஃபிரிட்ஜின் முதுகில் காற்றுக்கு ஓட்டைகள் போட்டோம், கம்ப்யூட்டரில் இருக்கிற சின்ன ஃபேன் ஒன்றை மாட்டினோம், கதவில் ஒரு சதுரம் வெட்டிக் கண்ணாடி வைத்தோம். அப்படியும் எலிக்கு மூச்சு முட்டுமோ என்று எனக்கு மனசு ஆறவில்லை. ஒருநாள் யாருமில்லாத நேரம் தட்டுகளை எடுத்துவிட்டுத் தலையை உள்ளே விட்டு, கதவை என் முதுகோடு இழுத்துச் சாத்திக்கொண்டு, ஃபேன் காற்று முகத்தில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மேடத்தின் குரல் வந்தது.

"அக்கா, லீவரு வலது பக்கம் இருக்குது. அமுத்துனா பால் வரும்."

ஆனால் மேடத்துக்கு ஃபிரிட்ஜ் மட்டும் போதவில்லை. சத்தத்தை மறைத்துவிட்டால் எலி ஒளிந்துகொண்டு செய்கிற மாதிரிதான், அது கற்றுக்கொண்டதாக ஆகாது என்றார். பிரஸ் ஓடினாலும் அமுக்க வேண்டும், ஓடாவிட்டாலும் அமுக்க வேண்டும். அதனால் பட்டறைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தோம். ஃபிரிட்ஜ் கதவை அகலத் திறந்து வைத்து, முதல் நாள் எலி மாதிரி மறுபடி ஆரம்பித்தோம். திரும்பினால் பால், கிட்டே வந்தால் பால். மூலையில் ஒடுங்கியிருக்கும் எலியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவசரப்பட்டால் ஒடுங்கியதற்கே பால் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தாமதித்தால் நகர்ந்தது வீணாகிவிடும். அது முதல் அடி எடுத்து வைக்கிற நொடிக்காகச் சுவிட்சில் விரலை வைத்துக் காத்திருக்க வேண்டும். பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற நான் அந்த நொடியில் மட்டும் சந்தேகப்படவில்லை. என் வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமையும் எலிக்கு டியூட்டியா என்று கேட்டார். ஆமாம், அதற்கு ஓ.டி. கிடையாது என்றேன்.

இரண்டாம் தடவை பேராசிரியரைக் கூப்பிட மேடம் தேர்ந்தெடுத்த தேதியைக் கேட்டுவிட்டு, காலண்டரைப் போய் ஒரு தரம் பார்த்தேன். அடுத்த ஷட்டவுன் நாள்.

"வேற நாளே கெடைக்கலியாம்மா ஒனக்கு?" என்றார் தாளாளர்.

"இதாங்க சார் சரியான நாளு," என்றார் மேடம்.

அன்று காலை ஊரே வாயடைத்துக் கிடந்தது. வெளியே ஒரு மைனா கத்தியது கேட்டது. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். மேடம் ரெட்டைக்கோட்டை விட்டார். அது நின்றது. காது விறைத்தது. மேடம் சுவிட்சைத் தொடவேயில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு அது மீசையைத் துடைத்தது. நடந்தது. தகட்டின் மேல் இரண்டு முன்னங்காலையும் வைத்து அமுக்கியது. அந்த அமைதியில் மோட்டாரின் டக் சத்தம் பெரிதாகக் கேட்டது. பால் நக்கியது, மறுபடி அமுக்கியது. கவுண்டரின் எண்கள் புரண்டுகொண்டிருந்தன.

பேராசிரியர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பால் ஸ்பூனை எழுப்புகிற மோட்டாரின் வயரைக் கழற்றச் சொன்னார். எலி வேகவேகமாக அமுக்கியது, தகட்டைக் கடித்தது, கோபித்துக்கொண்ட மாதிரிக் கொஞ்சம் விலகி வந்தது, பிறகு எப்போதாவது ஒரு தரம் வந்து அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனது. மறுபடி வயரை மாட்டச் சொன்னார். அது திரும்பி வந்தது. தேநீர் ஆறிப்போனது. முதல் தடவை ஏன் நின்றது என்று கேட்டார், மேடம் சொன்னார். "இதப் புள்ளைங்ககிட்ட சொல்லிக் குடுத்தீங்களா?" என்றார். "அவங்களும் ஞாயித்துக்கெழம வந்தாங்க சார்," என்றார் மேடம்.

அறை இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தாளாளரும் சரி என்றார். அடுத்த கல்வியாண்டில் எலி அறை திறந்தது. மேடத்துக்குத்தான் புது ஆர்டர் வரவில்லை. பாடவேளை குறைந்துவிட்டது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார்கள். இருக்கலாம். நான் அழுதேன். மேடம் பெட்டியின் வயர்களை எனக்கு இன்னொரு தடவை காட்டிக் கொடுத்துவிட்டு, "நான் இருக்கணும்னு சண்ட போடலியேக்கா. ரூம் இருக்கணும்னுதான போட்டோம், அது இருக்குதில்ல," என்றார். அவர் சொன்னது சரிதான். எனக்கு இன்றுவரை அது ஆறவில்லை, அதுவும் சரிதான்.

இப்போது வருகிற சாரும் நல்லவர். ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தை விடவில்லை. மாணவிகள் வருகிறார்கள், விரலைத் தாமதமாக அமுக்குகிறார்கள், எலிகள் சுற்றுகின்றன, பிறகு சரியாகிறது. மேடம் இரண்டு வருஷம் எங்கெங்கோ அலைந்துவிட்டு இப்போது காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறார். அங்கே உளவியல் புதுசு. லேப் என்று ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்களாம், உள்ளே நாற்காலிகள்தான். பெட்டி ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால் அனுமதிக்கு எழுதலாம், அப்புறம் எலியைப் பற்றிப் பேசலாம் என்று அந்த நிர்வாகம் சொன்னதாகப் போனில் சொன்னார். குரலில் சலிப்பு இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். இல்லை. பக்கத்தில் காயலான் கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

விசாரிக்க வேண்டாம் மேடம் என்று நான் சொல்லவில்லை. பாய் கடைக்குப் போனேன். சாயந்தரங்களில் வீட்டில் உட்கார்ந்து மோட்டார், சுவிட்ச், ஸ்பூன் என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். தப்பாக மாட்டிவிட்டேனோ என்று கழற்றி மறுபடி மாட்டினேன். போன சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு, அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினேன். கேஸை மூடினேனா என்ற சந்தேகம் சூளகிரி வரை இருந்தது, இறங்கித் திரும்பவில்லை. கண்டக்டர் வந்து துணியை விரலால் விலக்கிப் பார்த்தார்.

"என்னாம்மா இது?"

"எலிப் பொட்டிங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார். "உள்ள எலி இருக்குதா?"

"இனிமேதான்," என்றேன்.